ஏ. கே. செட்டியாரின் பயணத் தொழில்

பல நாடுகளுக்கும் சென்று, கண்டவற்றைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். தொலைக்காட்சி நம் வீடுகளுக்கு வருமுன்பே, எழுதுகோலும் படக்கருவியும் கொண்டு அத்தொழிலைத் தமிழில் நடத்திக் காட்டியவர் ஏ. கே. செட்டியார்.

அவர் 1911-இல் செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தவர். இளமையிலேயே இரங்கூனில் 'தனவணிகன்' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பின்பு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை பயின்றார். பிறர் உல்லாசத்துக்காகச் செல்லும் வயதில் இவர் கல்விக்காகச் சென்றார் என்பதைக் கவனியுங்கள். பார்ப்பது ஒன்று, பார்த்ததைப் பதிவு செய்வது மற்றொன்று. பின்னதற்குப் பயிற்சி வேண்டும்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று அண்ணலின் பிறந்த நாள். செட்டியாருக்கு வயது 25.

நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படமன்று அது. காந்தியடிகளைப் பல ஆண்டுகளாகப் பலர் எடுத்த செய்திப்படத் துண்டுகள் நாடு நாடாகச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, உரியவரைக் கண்டு, இசைவு பெற வேண்டும். இதற்காக அவர் ஏறத்தாழ 1 லட்சம் மைல் பிரயாணம் செய்து, 50,000 அடிப் படம் சேர்த்தார். பேசும்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்கிட்டால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வருகிறது! அதை 12,000 அடியாகச் சுருக்கினார். சேர்ப்பதைவிடத் தள்ளுவதே கடினம் என்பது என் எண்ணம். உலகப் போர் மூண்டிருந்த வேளையில், அந்நிய ஆட்சியின் கீழேயே, 1940 ஆகஸ்டில் 'மகாத்மா காந்தி' தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் உருவாயிற்று. நெடுங்காலம் பிரதி கிட்டாதிருந்த அப்படத்தின் சுருக்க வடிவம் ஒன்று, 2006-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கிடைத்தது.

'உலகம் சுற்றும் தமிழன்' முதலிய அவருடைய நூல்களில் தற்பெருமை காண்பது அரிது. ஊரும் மக்களுமே முன்னிற்பார்கள். எழுதியவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். 1943-இல் தொடங்கிய 'குமரி மலர்' மாத இதழை 1983-இல் மறையும்வரை நடத்தினார்.

அவருடைய பணிகளில் நான் மிகவும் மதிப்பது, பழைய பத்திரிகைகளில் மறைந்து கிடந்த பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968-இல் 'தமிழ்நாடு' என்ற பெயரில் அவர் வெளியிட்ட தொகுப்பு. உலகைச் சுற்றியவர், நம் ஊர்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையும் தேடித் தொகுத்தார்.

கொல்லிமலையில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, "ஐயா, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் தாண்டிக் கீழே போனால்தானே எழுத ஏதேனும் கிடைக்கும்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நான் அத்தொகுப்பை அவர்கள் கையில் கொடுப்பேன். எங்கள் மலைமேலேயே வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பல 'நாடுகள்' உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய் எழுதி வாருங்கள் என்பேன். ஒரு மாணவன் சோளக்காட்டுச் சந்தைக்குச் சென்று, எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பலாப்பழச் சுமைகள் இறங்கின, ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போயிற்று என்று நான்கு பக்கம் எழுதி வந்தான். 'நான்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.