கான்பூர் மாநாடும் பம்பாய்த் தறிக்கூடமும்: தொடக்ககாலக் கம்யூனிஸ்ட் கட்சியும் சாதியும்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்த ஆண்டு எது என்பதில் இடதுசாரிகளிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1920 அக்டோபரில் எம்.என். ராய் உள்ளிட்டோர் தாஷ்கண்டில் கூடியதே தொடக்கம் என்கிறது மார்க்சிஸ்ட் கட்சி. 1925 டிசம்பரில் கான்பூரில் நடைபெற்ற மாநாடே தொடக்கம் என்கிறது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. தலித் மக்களின் பார்வையில் இதனினும் முதன்மையான கேள்வி வேறொன்று: அக்கட்சி சாதியை எவ்வாறு புரிந்துகொண்டது?

கான்பூர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் மீனவர் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடியவர். அவர் தமது தலைமையுரையில் தீண்டாமையைத் தவிர்க்கவில்லை. எனினும் அதன் வேர் பொருளாதாரச் சார்பில் உள்ளது என்றும், அச்சார்பு நீங்கினால் இழிவும் நீங்கும் என்றும் கருதினார். கட்சி நெடுங்காலம் பற்றி நின்ற பார்வை இதுவே.

இப்பார்வையின் போதாமையை 1928ஆம் ஆண்டின் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தம் வெளிப்படுத்தியது. கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்ற அப்போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. ஆனால் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களுக்கு இடமில்லை. நாடாவில் புதிய தார் பொருத்தும்போது நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தலித்தின் வாய் பட்ட நாடாவைத் தொடச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். இங்கே விலக்கி வைத்தவர் முதலாளி மட்டுமல்லர். உடன் உழைத்தவரே தடையாக நின்றார். ஒரே ஆலை, ஒரே சங்கு. ஆயினும் இருவேறு கூலி.

இவ்விலக்கை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என அம்பேத்கர் வலியுறுத்திய பின்னரே போராட்டத் தலைமை அதனைத் தன் பட்டியலில் ஏற்றது. பொருளாதாரச் சார்பு சாதியை உருவாக்குகிறது என்ற விளக்கம் இங்கே தலைகீழாயிற்று. சாதியே கூலியைத் தீர்மானித்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என 1936இல் அம்பேத்கர் எழுதியதற்கு இத்தறிக்கூடம் கண்கூடான சான்று.

ஆயினும் இவ்வரலாறு பகைமையால் மட்டும் ஆனதன்று. 1927இன் மகாத் போராட்டத்தை அமைப்பதில் பெரும்பங்காற்றிய ஆர்.பி. மோரே 1930இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அம்பேத்கர் மீதான மதிப்பையும் இறுதிவரை கைவிடவில்லை. தீண்டாமை ஒழிப்பைக் கட்சி தன் பணியாகக் கொள்ள வேண்டுமெனத் தலைமையிடம் வலியுறுத்திவந்தார். 1938 நவம்பர் 7 அன்று, தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்க முயன்ற தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் பம்பாயில் இணைந்து போராடினர்.

ஒற்றுமை சாத்தியம் என்பதை 1938 காட்டுகிறது. அதற்கான நிபந்தனையை 1928 காட்டுகிறது. தலித் தொழிலாளியின் கோரிக்கை பட்டியலின் கடைசியில், அதுவும் வற்புறுத்தலின் பேரில் சேர்க்கப்படும் வரை, வர்க்க ஒற்றுமை என்பது சாதி இந்துத் தொழிலாளரின் ஒற்றுமையாகவே எஞ்சும்.