சர்க்கரைக்குப் பதில் தேனா? கொஞ்சம் பொறுங்க!

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சாயங்கால வேளையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஊதுவத்தி வாசனையோடு கேக் வேகிற வாசனையும் கலந்து வரும். மாதக்கணக்கில் வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக முளைத்த உணவு விடுதிகள். 'வெள்ளைச் சர்க்கரையே கிடையாது, தேன்தான்' என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்வார்கள். கிரிவலம் போன நம்மவர்களும் அதைக் கேட்டுவிட்டு, ஊர் திரும்பும்போது பையில் ஒரு பாட்டில் தேனோடு வருகிறார்கள். "இனிமே நம்ம வீட்ல சர்க்கரைக்கு வேலையே இல்ல!"

நல்ல எண்ணம்தான். ஆனால் சமையலறைக்குப் போகும்முன் சில விஷயங்கள்.

இந்தப் பக்கத்துக்குத் தேன் புதுசில்லை. இதே மாவட்டத்து ஜமுனாமரத்தூருக்குப் போனால் ஜவ்வாது மலைத் தேனும் சாமையும் வாங்காமல் மலையிறங்க மனசு வராது. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்கிறோம். பஞ்சாமிர்தத்திலும் தேன் சேர்க்கிறோம். இரண்டிலும் தேன் அடுப்பேறுவதில்லை, கவனித்தீர்களா? தேனைச் சூடாக்கக்கூடாது என்கிறது ஆயுர்வேதம். சூடான தேன் விஷம் என்று நடுங்கத் தேவையில்லை. ஆனால் கொதிக்கவிட்டால் மணமும் நொதிகளும் போய்விடும். அத்தனை காசு கொடுத்து வாங்கியது வெறும் இனிப்புப் பாகாகத்தான் மிஞ்சும். அதனால் பாயசத்தை இறக்கி, வெதுவெதுப்பாக ஆனபின் தேன் விடுங்கள். தேனில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் ஊற்றினால் திரிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது.

கேக் செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் போதும். தேனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான் என்பதால், பாலையோ தண்ணீரையோ மூன்று மேஜைக்கரண்டி குறையுங்கள். கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் புளிப்பு அடங்கும். தேன் சீக்கிரம் கருகும். 180 டிகிரி சொல்லியிருந்தால் 165-ல் வையுங்கள். கேக் மிருதுவாக வரும், சீக்கிரம் காயாது. மொறுமொறு பிஸ்கட்டுக்கு மட்டும் சரிப்படாது.

"எனக்கு ஷுகர். தேன்னா சாப்பிடலாம் இல்லையா?" என்று கேட்கும் மாமியார் எந்த வீட்டில்தான் இல்லை! கூடாதுங்க. தேனில் இருப்பதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையில் ஏறக்குறைய 50 கலோரி. அதே கரண்டித் தேனில் 64! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தேனைச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்தது.

இதைவிட முக்கியமானது ஒன்று. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாசத்தோடு செய்வதுதான். ஆனால் ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் சில சமயம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துக்கள் இருக்கும். பெரியவர்கள் குடல் சமாளித்துவிடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கத் திணறல், ஈனமான அழுகை, தலை நிற்காமல் துவளுதல்... மூச்சையே பாதிக்கும். இப்படித் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்துக்கள் சாவதில்லை. ஆகவே தேன் கேக்கும் கைக்குழந்தைக்கு ஆகாது. பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

சுத்தமான தேனா என்று எப்படிப் பார்ப்பது? எறும்பு மொய்க்காது, நாய் நக்காது, தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கும் என்பதையெல்லாம் நம்பி ஏமாறாதீர்கள். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைப் பரிசோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே என்று அறிவித்தது. கம்பெனிகள் அதை மறுத்தன. ஆய்வுக்கூடங்களே மல்லுக்கட்டும் விஷயத்தை எறும்பா தீர்த்துவைக்கும்?

பாட்டிலில் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆகிவிட்டதே என்று கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதுதான் அது, கலப்படம் அல்ல. வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள்; பழையபடி இளகிவிடும்.