செம்பு இறங்கவில்லை, பெரியம்மா

ஜொகூர் மாசாயில் இருக்கும் எங்கள் பெரியம்மா ஒரு வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்தார். அழவில்லை, அழுகை தொண்டைவரை வந்து நின்றிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிற்றை மாற்றுக்குக் கட்டிக்கொண்டு, தாலிக்கொடியைக் கழற்றி, துணி சோப்பைக் கரைத்த வெந்நீரில் ஊறப் போட்டிருக்கிறார். சற்று நேரத்தில் தண்ணீர் செங்கல் நிறமாகிவிட்டது. "செம்பு எறங்குதுய்யா. முப்பது வருசமா 916-னு நம்பிப் போட்டுக்கிட்டு இருக்கேன். கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."

ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள் என்றேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டால் சிவக்கிறதல்லவா? கொடியின் கண்ணிகளுக்கிடையில் வெள்ளிதோறும் பூசிய மஞ்சள் படிந்து கிடந்தது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் காரத்தைக் கண்டால் செந்நிறமாகும். சுண்ணாம்பும் காரம், துணி சோப்பும் காரம். கடைக்காரர் பாவம், குற்றமற்றவர்.

916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். நாம் 22 காரட் என்பதும் இதைத்தான். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அவை தங்கத்தோடு உருகி ஒன்றாகிவிட்டவை. சோப்புத் தண்ணீருக்கெல்லாம் வெளியே வருபவை அல்ல. ஆனால் பெரியம்மாவின் கொடியில் தங்கம் குறைந்துகொண்டுதான் இருந்தது, வேறு வழியாக. அதில் மூன்று ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. புடவை நழுவினாலும், பையின் ஜிப்பு பழுதானாலும், பேரன் காலில் முள் குத்தினாலும் கை உடனே அங்கேதான் போகும். கொடியின் நோக்கில் பார்த்தால் அது மெல்லிய அரம். பொருள்களின் கடினத்தை ஒப்பிட மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1 முதல் 10 வரை எண்கள். பெரிய எண் உள்ள பொருள் சிறிய எண் உள்ளதைக் கீறும். சுத்தத் தங்கம் 2.5க்கும் 3க்கும் இடையில் நிற்கிறது, நம் விரல் நகத்துக்குச் சற்று மேலே. எஃகு ஊக்கு 5ஐத் தாண்டும். கண்ணாடி ஏறத்தாழ 5.5, கண்ணாடி வளையல்களுக்கு நடுவே தங்க வளையல் போட்டுக்கொள்வது பார்க்க அழகு, தேய்வது தங்கம். வீட்டுத் தூசியிலும் மண்ணிலும் இருக்கும் மணல் துகள் 7. தூசி படிந்த நகையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒரே இனத்து வேலைதான், அளவில்தான் வித்தியாசம்.

தங்கத்தை அழிக்க அழுக்கால் முடியாது. வியர்வை, எண்ணெய், சந்தனம் எல்லாம் அதன் மேலே உட்காருமே தவிர உள்ளே போகாது. அந்த அழுக்கை எடுக்கிறேன் என்று நாம் செய்யும் காரியங்கள்தான் நகையைத் தின்கின்றன. முதல் குற்றவாளி பற்பசை. பல்லின் மேற்பூச்சு மோஸ் அளவில் 5. அதைத் தேய்த்து வெளுக்கச் சேர்க்கும் பொடி, தங்கத்தை விட்டுவைக்குமா? தேய்த்தவுடன் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களின் பளிச்சு அது. சில மாதத்தில் மங்கிவிடும், மறுபடி பற்பசை. விபூதியும் இப்படித்தான். மாடு தின்ற புல்லில் உள்ள சிலிக்கா சாணச் சாம்பலிலும் இருக்கிறது. கனமான வெள்ளிக் குத்துவிளக்கு அதைத் தாங்கும். வெள்ளியின் மேல் தங்க முலாம் பூசிய நகையில் விபூதி போட்டுத் தேய்த்தால் நாலைந்து முறையில் முலாம் போய் வெள்ளி எட்டிப் பார்க்கும்.

பழைய பத்தர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் பட்டறையில் பூந்திக்கொட்டை இருக்கும். தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை பொங்கும். சபோனின் என்ற பொருளின் வேலை அது. அதன் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அழுக்கு நகையை விட்டுக் கிளம்பிவிடும். தேய்க்கும் பொடி எதுவும் இல்லை. ஜாவாவிலும் இதே குடும்பத்துக் காயை 'லெராக்' என்று அழைத்து, சாயம் போகாமல் பாத்தேக் துணி அலசவும் நகை கழுவவும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஜொகூரில் பத்து பகாட், மூவார் பக்கம் ஜாவா வம்சாவளியினர் நிறைய. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் நம் கதையையே மலாயில் சொல்லக்கூடும்.

புளி வேறு ரகம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம், நகையின் மேல் செம்பு உண்டாக்கிய கறுப்புப் படலத்தைக் கரைக்கிறது. கல் இல்லாத வெறும் தங்க வளையலுக்கு எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. முத்து வைத்த நகையைப் புளித் தண்ணீரில் போட்டால் அதோடு முடிந்தது. முத்தும் பவளமும் முட்டை ஓடும் ஒரே சரக்கு: கால்சியம் கார்பனேட். முட்டையை வினிகரில் போட்டு வைத்தால் ஓடு கரைவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போம். எலுமிச்சைச் சாறும் அதைத்தான் செய்யும். வியர்வையும்கூட லேசான அமிலம்தான். அதனால்தான் முத்து மாலையைக் கழற்றிய கையோடு ஈரத் துணியால் துடைத்து வைக்கச் சொல்கிறார்கள்.

இங்கேதான் நவரத்தின மோதிரம் சிக்கலாகிறது. ஒன்பது கல், ஒன்பது குணம். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, பவளம் 3 முதல் 4, முத்து அதற்கும் இளைத்தது. வைரத்துக்கு ஏற்ற குளியல் முத்தைக் கொன்றுவிடும். ஆகவே கூட்டத்தில் நோஞ்சான் யாரோ அவருக்கு ஏற்றபடிதான் மொத்த மோதிரத்தையும் குளிப்பாட்ட வேண்டும். மரகதத்தில் இயல்பாகவே நுண்ணிய வெடிப்புகள் அதிகம். அவற்றை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரில் எண்ணெய் வெளியேறினால், நேற்றுவரை இல்லாத விரிசல் இன்று தெரியும். மலிவு விலை மாணிக்கங்கள் பலவற்றில் ஈயக் கண்ணாடியை உருக்கி விரிசலை நிரப்புகிறார்கள். எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். கடையில் கல் வாங்கும்போது விலையைக் கேட்பதோடு, இதற்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்றும் கேட்டு வைப்பது நல்லது.

வைரத்துக்குப் பிரச்சினை வேறு. அது தண்ணீரை விரட்டும், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் குணத்தை வைத்தே ஒரு பொறி செய்தார்கள்: மசகு பூசிய மேசைமேல் சரளைக் கல்லையும் தண்ணீரையும் ஓடவிடுவார்கள். மற்றக் கற்கள் நனைந்து வழுக்கி ஓட, வைரம் மட்டும் மசகில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லும் 'புளூ ஜாகர்' வைரத்தின் பெயரே அங்குள்ள ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட கல்லைக் காதில் போட்டுக்கொண்டு தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தால் என்ன ஆகும்? தோட்டின் பின்புறம் வெளிச்சம் புகும் வழியெல்லாம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகாகிவிடும். மின்னாத வைரத்துக்குப் பெரும்பாலும் இதுதான் வியாதி.

வைத்தியம் மிக எளிது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பத்து நிமிட ஊறல். குழந்தைகளின் மெல்லிய பல் துலக்கியால் பின்பக்கத்திலிருந்து நீவிவிட வேண்டும். முன்னே தெரியும் ஒளி பின்னேயிருந்துதான் திரும்பி வருகிறது. பிறகு வேறு கிண்ணத்தில் நல்ல தண்ணீரில் அலசி, பழைய மல் வேட்டித் துண்டில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். எதைச் செய்தாலும் கழுவுதொட்டியின் குழாயடியில் செய்யக் கூடாது. எங்கள் வீட்டு மூக்குத்தித் திருகாணி ஒன்று அந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது.

பழைய அட்டிகைக்கு இந்தக் குளியலும் ஆகாது. கல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்து அடைத்துக் கட்டிய வேலை அது; தகட்டுக்குத் தண்ணீர் போனால் கல் குருடாகிவிடும். உள்ளே பொள்ளலாக இருக்கும் குண்டுகளில் அரக்கு நிரப்பியிருப்பார்கள். வெந்நீர் பட்டால் அரக்கு இளகும். இவற்றுக்கு ஈரம் பிழிந்த துணியால் மேலாக ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வைத்திருக்கும் மீயொலிக் கருவி இப்போது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைவரை வந்துவிட்டது. காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரைக் குலுக்கி, லட்சக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கிறது. ஒவ்வொரு குமிழி வெடிப்பும் ஓர் ஊசிமுனை அடி. வெறும் தங்கச் சங்கிலிக்கும் விரிசலில்லாத வைரத்துக்கும் அருமையான கருவி. மரகதம், முத்து, அரக்கு வேலை மூன்றையும் அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பிடிக்கும் கால்கள் தளர்ந்த கல்லையும் அது ஆட்டி எடுத்துவிடும். போடுமுன் நகையைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கல் தளர்ந்திருந்தால் கிலுகிலுக்கும்.

வெள்ளிக்கு வருவோம். மலேசியத் தமிழில் வெள்ளி என்றால் ரிங்கிட்; இங்கே நான் சொல்வது கொலுசு. ஜொகூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு. ஈரம் அதற்குத் துணை. முட்டையில் கந்தகம் உண்டு. டுரியான் வாசனையிலும் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கிறது. சிகாமட், தங்காக் பக்கத்து உறவினர் வீட்டுக்கு டுரியான் பருவத்தில் போகிறவர்கள் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காரலாம். பலரும் கவனிக்காத எதிரி ரப்பர் வளையம். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த குடும்பம் எங்களுடையது; பால் வெட்டியவர்கள் வீட்டில் ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்ததே எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. மரத்துப் பால் அப்படியே வளையமாவதில்லை. உறுதிக்காகக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அந்த வளையத்தால் கொலுசைக் கட்டி வைத்தால், அது தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுகிறது.

கறுத்த வெள்ளியைத் தேய்க்காமல் வெளுக்க ஒரு வழி உண்டு. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி கொலுசை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்ற வேண்டும். வெள்ளி பிடித்து வைத்திருக்கும் கந்தகத்தை அலுமினியம் தன் பக்கம் இழுக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் கிளம்பினால் வேலை நடக்கிறது என்று பொருள். பற்பசை வழியில் கறுத்த வெள்ளி தேய்ந்து போகிறது. இந்த வழியில் அது மறுபடி வெள்ளியாகிறது. கல் வைத்த நகைக்கும், வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவேண்டி வேண்டுமென்றே கறுக்க வைத்த நகைக்கும் இது கூடாது.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில். வைரத் தோடும் தங்கச் சங்கிலியும் ஒரே டப்பாவில் இருந்தால் தோடு சங்கிலியைக் கீறும். கடையில் மடித்துத் தரும் ரோஸ் காகிதத்தை வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். ஈரம் பட்டால் சாயம் இறங்கும், முத்து அதை வாங்கிக்கொள்ளும். வெள்ளி வைத்த பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். முத்துக்கு அத்தனை வறட்சி ஆகாது, அதற்குப் பருத்தித் துணியே போதும்.

2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை ஜொகூர்க்காரர்கள் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. சேற்றிலிருந்து எடுத்த நகையைக் கண்டதும் கை தானாகத் துடைக்கப் போகும். துடைக்கக் கூடாது. சேற்றில் இருப்பது 7ஆம் எண் மணல். வாளித் தண்ணீரில் முக்கி முக்கி அலசி, மணல் முழுவதும் போன பிறகுதான் துணி தொட வேண்டும். நவம்பர் மழைக்கு முன்பே எடையையும் புகைப்படத்தையும் ரசீதையும் கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்தால், பிறகு தேடுவதற்காவது ஒரு பிடி இருக்கும்.

பிறகு நேரில் போய், பெரியம்மாவின் கொடியை மறுபடி பாத்திரத் திரவத்தில் அலசினோம். இரண்டாம் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது, மூன்றாவது தெளிந்துவிட்டது. கண்ணிகளில் ஊக்கு உராய்ந்த இடம் பள்ளமாகத் தெரிந்ததைக் காட்டினேன். நெடுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஊக்குகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். மூன்றாவதைக் கொடியிலேயே மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணாச்சும் வேணும்யா," என்றார். "அவசரத்துக்குப் பையத் தேடிக்கிட்டா நிக்க முடியும்?"