நடுவில் ஒரு சனிக்கிழமை

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் பக்கம் போகும் நம்மவர்களுக்கு அமரவிளையைத் தெரியாமல் இராது. நெய்யாற்றின்கரையைத் தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அமரவிளை. அதற்கப்பால் பாறசாலை, பிறகு களியக்காவிளை, தமிழ்நாடு. ‘விளை’ என்றால் இந்தத் தென்கோடியில் பயிர் செய்யும் மேட்டு நிலம். பெருவிளை, களியக்காவிளை, அமரவிளை என்று எல்லைக்கு இருபுறமும் அந்தச் சொல் ஊர்ப் பெயர்களில் நிற்கிறது.

பெரிய வியாழன் மாலையில் இந்தச் சாலையில் போகும் பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. சொந்த ஊர் ஆலயத்தில் ஈஸ்டர் ஆராதனைக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற தவிப்பு, பையைத் தோளில் மாட்டி நிற்கும் கூலித் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் ஒன்றுதான்.

ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் அது வந்துவிடும். நமது பங்குனி உத்திரமும் விஷுவும் சித்திரைப் பிறப்பும் இதே பருவத்தில்தான் வருகின்றன.

சொல்லப்படாத நாள்

பெரிய வெள்ளி துக்க நாள். கேரளத்தில் பல ஆலயங்களில் அன்று கஞ்சியும் பயறும்தான் உணவு. ஞாயிறு வெற்றித் திருநாள். விடியுமுன்பே மணி ஒலிக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள சனிக்கிழமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நற்செய்தி நூல்களும் அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. இயேசுவின் உடலில் பூசுவதற்காகப் பெண்கள் வாசனைப் பொருட்களைத் தயாரித்து வைத்துவிட்டு, ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மறுநாள் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்லறைக்கு அவர்கள் போனது இறந்தவருக்குச் செய்யவேண்டிய கடைசிக் கடமையைச் செய்வதற்காக. கல் புரண்டிருந்ததைக் கண்டது அப்படிப் போனபோதுதான். நம்பிக்கை என்பது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அல்ல, இருட்டிலும் கைவேலையை விடாமல் இருப்பது என்பதை அந்தப் பெண்களிடம் கற்கலாம்.

நெய்யாற்றுக்குத் தெற்கே உள்ள இந்தப் பூமி இப்படிப்பட்ட சனிக்கிழமைகள் பலவற்றைக் கண்டிருக்கிறது.

லாசரின் பெயர்

மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் ஒடிந்திருந்த சமயத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மன்னரின் தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் இறைவனைக் கைவிடாதவர் யோபு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு இடப்பட்ட பெயர் லாசர். கல்லறையிலிருந்து இயேசு எழுப்பிய நண்பரின் பெயர் அது. தமிழில் தேவசகாயம்.

மூன்று ஆண்டு சிறைவாசத்துக்கும் சித்திரவதைக்கும் பின் 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இடையில் கழிந்தவை 270 ஆண்டுகள்!

ஒரு மேல்துணிக்காக

1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் லண்டன் மிஷன் இங்கே வேரூன்றியது. அமரவிளையில் எல்.எம்.எஸ். என்ற அந்த மூன்றெழுத்தைத் தாங்கிய பள்ளிக்கூடம் அந்த வரலாற்றின் மிச்சம்.

நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிவதைச் சாதி வழக்கம் தடுத்த காலம் அது. ஆலயத்துக்கு வரத் தொடங்கிய பெண்கள் அந்தத் தடையை மீறினார்கள். 1822-ல் கலவரம் மூண்டது. தெருவிலும் சந்தையிலும் துணி கிழிக்கப்பட்டது. 1858-59-ல் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26-ல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. முதல் கலவரத்திலிருந்து எண்ணினால் முப்பத்தேழு வருஷம். முதலில் துணி கிழிபட்ட பெண்களில் எத்தனை பேர் அந்தப் பிரகடனத்தைக் காண உயிரோடு இருந்திருப்பார்கள்? ஆனால் அடுத்த ஞாயிறும் துணி உடுத்தி ஆலயத்துக்குப் போகவேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவில்லாமல் அந்தப் பிரகடனம் பிறந்திராது.

மலை இறங்கிய டாக்டர்

அமரவிளையிலிருந்து காரக்கோணம் போனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்த இங்கிலாந்து டாக்டர் அவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்தார். பனிச்சரிவில் சுமை தூக்கிகள் ஏழு பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தோடு மலை இறங்கியவர், இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைக் கண்டார். நோயாளிகளோ கூட்டம் கூட்டமாக, டாக்டர்களோ போதவில்லை. ஊரில் காத்திருந்த நல்வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்க முடிவு செய்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை போனார். உச்சியை எட்டவில்லை. ஆனால் நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அறுவைக் கத்தியைப் பிடித்தார். எட்டாத சிகரத்தை எண்ணி ஏங்கிக்கொண்டிராமல், எதிரே கிடந்த நோயாளியை அவர் கவனித்தார்.

கோட்டின் மேல் ஒரு குருசு

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி எல்லை வகுக்கப்பட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. உறவுகள் இரண்டு மாநிலங்களாயின. 1959-ல் தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர் பேராயமும் இரண்டாகப் பிரிந்தது.

ஆனால் அதே காலத்தில், 1957-ல், வெள்ளறடை அருகே எல்லை மலையில் ஜான் பாப்டிஸ்ட் என்ற கார்மெல் சபைப் பாதிரியார் குருசுமலை யாத்திரையைத் தொடங்கினார். தவக்காலத்திலும் பெரிய வியாழன், பெரிய வெள்ளியிலும் கேரளத்திலிருந்து ஏறுகிறவர்களும் பத்துகாணிப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்களும் ஒரே குருசடியில் கூடுகிறார்கள். ஒருவர் தமிழில் செபிக்கிறார், பக்கத்தில் நிற்பவர் மலையாளத்தில் பதில் சொல்கிறார். நில அளவைக்காரர் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. மனிதர்கள் அதைத் தாண்டி நிற்கிறார்கள்.

அயல் மாநிலத்தில் பிழைக்கும் நமக்குச் சனிக்கிழமைகள் அதிகம். வேலை நிரந்தரமாகுமா, மகளின் படிப்புக்குப் பணம் சேருமா, ஊரில் அம்மாவின் உடம்பு தேறுமா என்று பதில் வராத நாட்கள் அவை. கிறிஸ்தவரானாலும் அல்லாதவரானாலும் ஈஸ்டர் சொல்லும் சேதி ஒன்று உண்டு. சனிக்கிழமை நீளமானதாக இருக்கலாம். அன்று செய்யவேண்டிய வேலையைச் செய்து வைப்போம். விடியும்போது கல்லறை வாசலில் இருந்தவர்கள் அப்படிச் செய்து வைத்தவர்களே!