ஐந்து பைசா வரியும் ஊர் வாசகசாலையும்

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையை விட்டால் அடுத்தது களியக்காவிளை. பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மாநிலம் மாறியதே கடைப் பலகைகளின் எழுத்தைப் பார்த்துத்தான் தெரியும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போவதும், அந்தப் பக்கத்துப் பெண் இந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்படுவதும் இங்கே அன்றாட நடப்பு. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களின் வீட்டுவரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். களியக்காவிளைக்காரர் ஆயிரம் ரூபாய் வீட்டுவரி கட்டினால், அதன்மேல் நூலக வரியாக நூறு ரூபாய் சேரும். தமிழ்நாட்டில் ரூபாய்க்குப் பத்து பைசா. பாறசாலைக்காரருக்கு அதே ஆயிரத்துக்கு ஐம்பது ரூபாய்தான். கேரளத்தில் ரூபாய்க்கு ஐந்து பைசா.

தொகையை விடவும் அந்தப் பணம் போய்ச் சேரும் இடம்தான் கவனிக்க வேண்டியது.

களியக்காவிளையின் நூறு ரூபாய் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகம் அரசுடையது, நூலகர் அரசின் சம்பளக்காரர், எந்தப் புத்தகம் வாங்குவது என்பதும் மேலே முடிவாகும். பாறசாலையின் ஐம்பது ரூபாய் கேரள மாநில லைப்ரரி கவுன்சிலுக்குப் போகிறது. அங்கிருந்து அது ‘கிராண்ட்’ என்ற பெயரில் கிராமத்துக்கே திரும்பி வருகிறது. வாங்குவது ஊரார் சேர்ந்து நடத்தும் வாசகசாலை. கட்டடம் ஊருடையது, நிர்வாகக் குழு ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தது, புத்தகத்தைத் தேர்ந்து வாங்குவதும் அவர்களே.

இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் பின்னால் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுவே முதல். அதற்குப் பின்னால் இருந்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத்தைப் பள்ளிக்கூடம் போல அரசே நடத்த வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. திருவிதாங்கூரில் கதை வேறு. அங்கே ஊர்கள்தோறும் வாசகசாலைகள் முன்பே முளைத்திருந்தன. நீலம்பேரூரில் பிறந்து ஆசிரியராக வேலை பார்த்த பி.என்.பணிக்கர் அவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவர நினைத்தார். 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் கூட்டத்தைக் கூட்டினார். அதைத் தொடங்கி வைத்தவர் திவான் சி.பி.ராமசாமி ஐயர். அங்கே பிறந்த சங்கம்தான் பிற்பாடு கேரளக் கிரந்தசாலா சங்கம் ஆனது.

இந்த வரலாற்றில் பாறசாலைக்கும் ஓர் இடம் உண்டு. சங்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1970-ல் பணிக்கரும் அவருடைய தோழர்களும் பாறசாலைக்கும் காசர்கோட்டுக்கும் இடையே, கேரளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்கள். ‘வாசித்து வளர்க’ என்பது அந்தப் பயணத்தின் முழக்கம். 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்தைத் தேடி வந்தது. 1977-ல் அரசு சங்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நிர்வாகம் மீண்டும் தேர்தல் வழியாக வாசகசாலைகளின் பிரதிநிதிகளிடம் வர 1989-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. வட்டம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று படிகளில் கவுன்சில். ரூபாய்க்கு ஐந்து பைசா வரியும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. இன்று கவுன்சிலில் இணைந்திருக்கும் வாசகசாலைகள் 8,000-க்கும் மேல்.

உதவித்தொகை என்றாலே கைகட்டி நின்று வாங்குவது என்ற நினைப்பு நம் சங்கங்கள் பலவற்றில் இன்னும் போகவில்லை. மனு எழுதுகிறவரின் தொனியிலேயே அது தெரியும்: ‘தயவுகூர்ந்து’, ‘கருணையோடு’ என்று ஆரம்பித்து ‘என்றும் கடமைப்பட்டுள்ளோம்’ என்று முடியும். பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்து வாசகசாலைக்கு இந்தப் பணிவு தேவையே இல்லை. அந்த கிராண்ட், தன் ஊர் மக்கள் வீட்டுவரியோடு கட்டிய பணம். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற புகார் எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு. கேட்டு வாங்கும் உரிமை ஊராருக்கு இருக்கிறது என்பதால்தான் இதை ஒரு குறையாகவே எழுப்ப முடிகிறது.

தனியார் கொடையிலும் ஊர் வரிக்கு இடம் உண்டு. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் அவர் வைத்த நிபந்தனை கெடுபிடியானது. ஊர் நிலம் தர வேண்டும். அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் ஒவ்வோர் ஆண்டும் தன் வரியிலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத ஊர்களுக்குக் கட்டடம் இல்லை. ஒரு பணக்காரரின் கொடைகூட ஊரின் வரியை நம்பித்தான் நின்றது. அவர் போன பிறகும் கதவு திறந்திருப்பதற்கு அந்த ஆண்டு வரிதான் காரணம்.

இனி, உரிமை இருந்தும் பணம் ஏன் சில வாசகசாலைகளுக்குக் குறைவாக வருகிறது? பதில் மேசை இழுப்பறையில் இருக்கும் பதிவேடுகளில் இருக்கிறது.

கவுன்சில் தன்னோடு இணைந்த வாசகசாலைகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறது. தரம் ஏறினால் கிராண்ட் ஏறும், இறங்கினால் இறங்கும். சோதிக்க வருகிறவர் முதலில் கேட்பது ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி: வரிசை எண், சேர்த்த தேதி, பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை, பில் எண். அந்த வரிசை எண்தான் புத்தகத்தின் உள்பக்கத்திலும் முத்திரைக்குக் கீழே இருக்க வேண்டும். அடுத்து இஷ்யூ ரிஜிஸ்டர்: யார் எடுத்தார், எப்போது திருப்பினார். பிறகு உறுப்பினர் பட்டியல், நிர்வாகக் குழுவின் மினிட்ஸ், வரவு செலவுக்கு நாள்வழி, வவுச்சர் கட்டு, பாங்க் பாஸ்புக். சிறுவர்களுக்குப் பாலவேதியும் பெண்களுக்கு வனிதா வேதியும் நடப்பதற்கான குறிப்புகளும் பார்க்கப்படும். ஜூன் 19, பணிக்கரின் நினைவு நாள், வாசிப்பு தினம். அன்று தொடங்கி ஜூலை 7 வரை நடக்கும் வாசிப்பு விழாவில் என்ன செய்தார்கள் என்பதும் ஒரு கேள்வி.

ஆர்வம் குறைவாக இருப்பதால் தரம் இழக்கிற வாசகசாலைகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் எழுதி வைக்க ஆள் இல்லாததால்தான் இழக்கிறார்கள். மாலையில் கதவைத் திறந்து, பத்திரிகையை விரித்து வைத்து, பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புகிற நூலகர் பெறுவது சொற்பமான படி. அவர் இரண்டு மாதம் நோயில் படுத்தால் இஷ்யூ ரிஜிஸ்டரில் இரண்டு மாதம் வெள்ளையாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் பக்கத்து வீட்டுக்காரர் சாவி வாங்கித் திறந்து புத்தகம் கொடுத்திருக்கலாம். ஆனாலும் எழுதாதது நடக்காததுதான், காகிதத்தின் கணக்கில். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பதிவேடுகளைச் சரிசெய்து கொடுத்தால், அதைவிடப் பெரிய நன்கொடை ஒரு வாசகசாலைக்கு இல்லை.

இதே பாடத்தைக் கேரளத்தின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் இன்னும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். 1998 மே 17-ல் மலப்புறத்தில் தொடங்கிய இத்திட்டத்தில் பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வார்டு அளவில் ஒன்று, பஞ்சாயத்து அளவில் ஒன்று என்று அதற்கு மேலே இரண்டு அடுக்குகள். வாரச் சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தியது எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் குழுவுக்கு மதிப்பெண். மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பாங்க் கடன், சுழல்நிதி, மானியம். கணக்கைத் தணிக்கை செய்யவும் ‘காஸ்’ என்ற பெயரில் பெண்களின் தணிக்கைக் குழுக்களே இருக்கின்றன. சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, பத்து ரூபாய் பிசகினாலும் மறுபடி கூட்டிப் பார்க்கிற அந்தப் பழக்கம், பட்டணத்து அறக்கட்டளைகள் பலவற்றில் இல்லை.

இன்னும் பெரிய தொகை வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போக வேண்டும். கொல்கத்தாவில் 1972-ல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் நூலகங்களுக்கு உதவுகிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொன்று. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. பூவாறு, பொழியூர், கொல்லங்கோடு என்று கடலோரத்தில் வேலை செய்யும் சங்கங்கள் இந்தச் சட்ட விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கம்பெனியின் கதவைத் தட்டுமுன் கையில் இருக்க வேண்டியவை நிறைய. வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று வழங்கும் பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் ஓர் எண், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று ஆண்டுப் பணிச் சான்று. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சின்ன வாசகசாலை ஒன்று தனியாக இத்தனையையும் சுமக்க முடியாது. ஏற்கெனவே பதிவுகள் உள்ள மறைமாவட்டச் சமூகப் பணிச் சங்கம் போன்ற அமைப்போடு கைகோத்துப் போவதே அதற்கு நடக்கிற வழி.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பணத்தைப் பற்றி இந்த ஊர்களில் ஒரு பயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ. பிடித்துக்கொள்ளும் என்று நல்ல நன்கொடையையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பாங்க் வழியாக அனுப்பும் பணத்தை அந்தச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதாது. துபாயில் இருக்கும் ஊர்ப் பையன் வாசகசாலைக்கு அலமாரி வாங்கித் தரலாம். அவரே வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால்தான் நிலைமை மாறும். அப்போது சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் முதலில் வந்து சேர வேண்டும்.

எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் இரண்டு மாநிலத்திலும் பரவியிருக்கும் சங்கங்கள் இங்கே சாதாரணம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பதிவு செய்தால் அது 1955-ம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்தால் 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். இரண்டிலும் ஏழு பேர் போதும். ஆனால் ஒன்றில் பதிந்த சங்கம் இன்னொரு மாநிலத்தின் மானியத்துக்கு உரிமை கோர முடியாது. 1956 நவம்பர் 1-ல் களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேரும்வரை இருபுறமும் ஒரே மாநிலம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே தங்கியது. அதனால் சங்கம் தொடங்குகிறவர்கள், எந்த மாநிலத்தின் நிதியை நம்பி வேலை செய்யப் போகிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அலுவலக முகவரி எந்தப் பக்கம் என்பது மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

தமிழகப் பக்கம் பதிந்தவர்களுக்கு வேறு வாய்ப்புகள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊரார் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். அரசு நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலர் ஆகலாம். வாசகர் வட்டத்தில் சேர்ந்து நூலகத்துக்குத் தோள் கொடுக்கலாம். நிர்வாகம் மட்டும் அரசிடமே இருக்கும்.

பாறசாலைப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. புத்தகம் வாங்குவதை வாசகசாலைக் குழுவே முடிவு செய்வதால், கிராண்ட் பணத்தில் தமிழ்ப் புத்தகங்களும் வாங்கும்படி பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். தீர்மானமாக மினிட்ஸில் ஏற்றலாம். கேட்காத வரை அலமாரியில் தமிழுக்கு ஓர் அடுக்கு வராது. மனுவையும் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுத இடம் தருகிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. சிறுபான்மை மொழிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். தங்கள் பஞ்சாயத்து அந்த அறிவிப்பில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலை வாசகசாலைக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.