எல்ஸாவுக்குக் கல்யாணம் ஆகுமா?

"எல்ஸாவுக்கு எப்போ மாமி கல்யாணம்?" என்று கேட்டாள் மாடி வீட்டுக் குட்டி. வயசு ஆறு. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "யாரடி அது, உங்க கிளாஸ் டீச்சரா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பரிதாபம்!

உங்கள் வீட்டு வாண்டுகளின் பென்ஸில் டப்பா, தண்ணீர் பாட்டில், பிறந்த நாள் கேக் எல்லாவற்றிலும் நீல கவுனும் ஒற்றைப் பின்னலுமாக ஒருத்தி நிற்பாளே, அவள்தான் எல்ஸா. டிஸ்னியார் 2013-ல் வெளியிட்ட 'ஃப்ரோஸன்' கார்ட்டூன் படத்தின் ராணி. 2019-ல் இரண்டாம் பாகம் வந்தது. தமிழில் எல்ஸாவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன். தங்கை அன்னாவுக்கு திவ்யதர்ஷினி. 2023-ல் மூன்றாம் பாகமும் உண்டு என்று அறிவித்து, பிறகு 2027 நவம்பர் என்று தேதியும் குறித்தார்கள். அன்று முதல் உலகம் பூரா ரசிகர்களுக்கு இதே பேச்சுதான்.

அன்னா விஷயத்தில் சிக்கல் இல்லை. இரண்டாம் பாகத்தின் கடைசியில் கிறிஸ்டாஃப் மோதிரம் நீட்டிவிட்டான். அவளும் அக்காவுக்குப் பதிலாக ராணியாகிவிட்டாள். அடுத்தது டும்டும்தான் என்று எல்லாருமே எதிர்பார்க்கிறார்கள். எல்ஸாதான் தனியாகக் காட்டில் தங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு பெண்ணையே துணையாகக் காட்டுங்கள் என்று 2016-ல் மேல்நாட்டு ரசிகர்கள் பலர் கோரிக்கை எழுப்பினார்கள். கூடவே கூடாது என்று மறுத்தவர்களும் உண்டு. படம் எடுத்தவர்கள் இரண்டு பக்கமும் சாயாமல், துணையே இல்லாமல் விட்டுவிட்டார்கள். அவளைச் சும்மா விடுங்களேன் என்கிறது இன்னொரு கூட்டம். என் ஓட்டு இந்தக் கட்சிக்குத்தான்!

இன்னொரு எதிர்பார்ப்பு, பாட்டு. முதல் படத்தில் எல்ஸா மலை மேல் பனி மாளிகை கட்டிக்கொண்டே பாடும் பாட்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. எழுதி இசையமைத்தவர்கள் கணவன் மனைவி. முதலில் எல்ஸாவை வில்லியாகத்தான் நினைத்திருந்தார்களாம். இந்தப் பாட்டு வந்த பிறகு கதையையே மாற்றி எழுதினார்கள். அப்படி ஒன்று ஆர்டர் கொடுத்தா வரும்? அந்தத் தம்பதியின் மகளும், படத்தின் டைரக்டர்கள் இருவரில் ஒருவரான ஜெனிஃபர் லீயின் மகளும் சின்ன வயசு அன்னாவுக்காகப் பாடியிருக்கிறார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்று, அக்காவை விளையாடக் கூப்பிடும் பாட்டு. அதைக் கேட்டு அழாத அம்மா உண்டோ?

குட்டிக்குத் துணையாக உட்கார்ந்து நானும் படம் பார்த்தேன். என்னை உலுக்கியது ராஜா ராணி செய்த காரியம். எல்ஸா தொட்டதெல்லாம் பனியாக உறைகிறது. விளையாட்டில் தங்கைக்கு அடிபட்டுவிடுகிறது. உடனே பெற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கோட்டைக் கதவைச் சாத்துகிறார்கள், கையுறை மாட்டுகிறார்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறார்கள். கொடுமைக்காரர்கள் இல்லை, பாசம்தான். நாமும் அதைத்தானே செய்கிறோம்? குழந்தைக்கு வலிப்பு வந்தால், திக்கிப் பேசினால், பத்து வயசிலும் படுக்கையை நனைத்தால், "வெளியிலே சொல்லாதே" என்று வாயைப் பொத்துகிறோம். டாக்டரிடம் போவதைக்கூடத் தள்ளிப் போடுகிறோம். பயப்படப் பயப்படத்தான் எல்ஸாவுக்குப் பனி அதிகமாயிற்று. மூன்றாம் பாகத்தில் மந்திர தந்திரம் குறைந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் நடக்கும் இந்தக் கதையை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

மாடி வீட்டு மூத்த பெண்ணுக்கு முதல் படம் வந்தபோது நாலு வயசு. மூன்றாவது வரும்போது 18. "நானும் ஹாஸ்டல் போயிருப்பேன் மாமி. எல்ஸாவும் அன்னாவும் மறுபடி ஒரே வீட்டிலே இருந்தா போதும்" என்றாள் மெதுவாக. சின்னவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கவலை வேறு.

"மாமி, அன்னா கல்யாணத்திலே ஓலாஃப் பனிமனுஷன் உருகாம இருக்கணுமே! ஏஸி போடுவாங்களா?"