கல்லூரி மாறினால் என்.சி.சி. பதிவு என்ன ஆகும்?

கல்லூரி மாறும் மாணவருக்கு டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் கையில் கிடைத்துவிடும். என்.சி.சி., என்.எஸ்.எஸ். பதிவு அப்படித் தானாக வருவதில்லை; தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் முதலாம் ஆண்டு முடித்துவிட்டு, வீட்டுச் சூழ்நிலையால் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ மாறுகிறவர்கள், பாடத்துக்கு இடம் கிடைக்குமா என்று அலைவதிலேயே ஓய்ந்துபோகிறார்கள். ஓராண்டு விடியலில் எழுந்து போய் நின்ற பரேடு கணக்கில் சேருமா என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது.

அமெரிக்காவில் இதே கேள்வி 'ஃபிரட்டர்னிட்டி' எனப்படும் மாணவர் சங்கங்களில் எழும். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா அந்த மரபின் தொடக்கம். அத்தகைய சங்கங்களில் ஒருமுறை சேர்ந்தவர் பெரும்பாலும் ஆயுள் உறுப்பினர். புதிய கல்லூரியில் அதே சங்கத்தின் கிளை இருந்தால், அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதா என்று அந்தக் கிளையே முடிவு செய்யும். நம் கல்லூரிகளிலோ சேர்ந்த நாளைவிட, வந்த நாளும் போன முகாமும்தான் பேசும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.), கேடட்டின் பதிவு கல்லூரிப் பிரிவு வழியாக ஒரு பட்டாலியனில் இருக்கும். கல்லூரிக்கு இத்தனை கேடட் என்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. ஆகவே புதிய கல்லூரியில் என்.சி.சி. இருப்பது மட்டும் போதாது. காலியிடமும் இருக்க வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று பிரிவு மாறினால் பயிற்சியும் மாறுவதால் சிக்கல் கூடும். புதிய கல்லூரி வேறு பட்டாலியனின் கீழ் வந்தால் இரண்டு அலுவலகங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டியதற்குக் காரணம் சான்றிதழ். கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியோடு 'பி' தேர்வு, மூன்றாம் ஆண்டில் 'சி' தேர்வு; இரண்டுக்கும் 75 சதவீத வருகையும் முகாமும் வேண்டும். உரிய கிரேடில் 'சி' பெற்ற பட்டதாரி, ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு அழைக்கப்படலாம். கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. நடுவில் ஓராண்டுக் கணக்கு விட்டுப்போனால் அந்த வாய்ப்பும் நழுவலாம்.

பழைய கல்லூரியில் வாங்கும் கடிதத்தில் கேடட்டின் பதிவு எண், சேர்ந்த தேதி, ஆண்டுவாரியாக நடந்த பரேடு எத்தனை, வந்தது எத்தனை, முகாம் நடந்த இடம், தேதி எல்லாம் இருக்க வேண்டும். 'நன்னடத்தையுடன் பயிற்சி பெற்றார்' என்ற ஒற்றை வரியை வைத்துப் புதிய பட்டாலியன் எதையும் கணக்கிட முடியாது. பிரிவு கொடுத்த சீருடைப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டி.சி.க்கு எழுதிக்கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) கணக்கு இன்னும் வெளிப்படையானது: ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். இங்கே பல்கலைக்கழகம் எது என்பது முக்கியம். குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியும் ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறுகிறவருக்குக் கணக்கைத் தொடர்வது எளிது. மதுரைக்குப் போனால் பல்கலைக்கழகமே வேறு. மரம் நட்டது, குளக்கரை சுத்தம் செய்தது எனத் தேதியும் நேரமும் போட்டு, திட்ட அலுவலர் கையெழுத்திட்ட பணிக்குறிப்பேடு அப்போது நல்ல ஆதாரம். அதன் நகலையாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

செங்கோட்டையைத் தாண்டிப் புனலூருக்கு மாறுகிறவருக்குத் தூரம் குறைவு, எழுத்து வேலை அதிகம். அங்கே கேரளப் பல்கலைக்கழகம், என்.சி.சி.யிலும் கேரளம், லட்சத்தீவுக்கான தனி இயக்குநரகம்.

இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், துறை மன்றங்கள் போன்றவற்றுக்கு இத்தனை நடைமுறை இல்லை. பங்கேற்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, புதிய கல்லூரியில் புதிதாகப் பெயர் கொடுத்தால் போதும்.